குதிகால் வலி: நீட்சியா, பளுவா, ஊசியா, அதிர்வலையா?

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் சுரீரென்று குத்துகிறது. இருபது முப்பது அடி நடந்தால் தணிகிறது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடி அதே குத்தல். நெடுநேரம் நின்ற நாளின் மாலையில் அது மந்தமான வலியாக மாறிக் கூடவே வருகிறது. வழக்கில் குதிவாதம் என்றும், மருத்துவச் சீட்டில் பிளாண்டர் ஃபேசியைட்டிஸ் என்றும் பெயர் பெறும் இந்த வலிக்கு நீட்சிப் பயிற்சி, பளுப் பயிற்சி, காலணிக்குள் வைக்கும் இன்சோல், உள்ளங்காலில் ஒட்டும் டேப், இரவில் கணுக்காலில் கட்டும் ஸ்பிளிண்ட், ஸ்டீராய்டு ஊசி, ஒலித் துடிப்பால் அடிக்கும் அதிர்வலை, சொந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் பி.ஆர்.பி. ஊசி, அறுவை என்று ஒன்பது வழிகளாவது முன்னால் வைக்கப்படுகின்றன. எல்லாவற்றிலும் ஓரளவு பயன் உண்டு. ஆனால் மூன்றாம் வாரத்தில் சரியாக இருப்பது எட்டாம் மாதத்தில் சரியாக இருக்காது. பலர் சறுக்குவது இந்த வரிசையில்தான்: வலி வந்த மூன்றாம் வாரமே ஊசி போட்டுக்கொள்கிறார்கள், அல்லது எட்டு மாதம் கழிந்தும் குதிகாலுக்கு அடியில் வைக்கும் ஹீல் பேடை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

எனவே இந்த ஒப்பீட்டில் ஒவ்வொரு வழியிடமும் மூன்று கேள்விகள். எத்தனை வாரத்தில் பலன் தெரியும்? அந்தப் பலன் எவ்வளவு காலம் நிற்கும்? தவறினால் என்ன இழப்பு?

முதலில், இது அந்த வலிதானா?

குதிகாலில் வலிப்பதெல்லாம் குதிவாதம் அல்ல. வேறு நோய்க்கு இந்தச் சிகிச்சைகளைச் செய்தால் மாதங்கள் வீணாகும். சில நேரம் கெடுதலும் வரும். எனவே சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் முன் பெருவிரலால் வலிக்கும் இடத்தைத் தேடிப் பாருங்கள். குதிகாலின் அடியில், உள்பக்கமாக, வளைவு தொடங்கும் இடத்தில் ஒரு நாணயம் அளவு இடத்தில் அழுத்தும்போது 'இதுதான்' என்று தோன்றினால், முதல் அடி வலியும் சேர்ந்திருந்தால், அது பெரும்பாலும் பிளாண்டர் ஃபேசியா எனும் உள்ளங்கால் நார்ப்பட்டையின் வலிதான்.

வலி குதிகாலின் நட்டநடுவில் இருந்து, காலை முதல் அடியைவிட வெறுங்காலோடு கடினத் தரையில் நடக்க நடக்க அதிகமானால், குதிகாலின் அடியில் உள்ள கொழுப்பு மெத்தை தேய்ந்திருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் மெத்தை இன்னும் மெலியும். குதிகால் எலும்பை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் பக்கவாட்டில் இறுக்கும்போது கடுமையாக வலித்தால் எலும்பில் மயிரிழை முறிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டத்தின் அளவைத் திடீரெனக் கூட்டியவர்களுக்கும், எலும்பு வலு குறைந்தவர்களுக்கும் இது வரும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும். எரிச்சலும் மரமரப்பும் சேர்ந்திருந்தால், உள்கணுக்காலுக்குப் பின்னால் தட்டும்போது உள்ளங்காலுக்குள் மின்சாரம் பாய்வதுபோல் இருந்தால், நரம்பு நெருக்கப்படுகிறது என்று பொருள்.

இரண்டு குதிகாலும் ஒரே சமயத்தில் வலிக்கும் இளைஞருக்கு, காலையில் இடுப்பு அரை மணிக்கு மேல் இறுகிக் கிடந்து நடமாடினால் இளகுகிறது என்றால், முதுகெலும்பைத் தாக்கும் மூட்டழற்சி நோய்க்கான பரிசோதனை தேவை. இதைப் பலமுறை தவறவிடுகிறார்கள். குதிகாலுக்கு மட்டும் சிகிச்சை செய்துகொண்டே வருடங்கள் போய்விடுகின்றன. 8 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் குதிகாலின் பின்பக்கம் வலித்தால் அது வளரும் எலும்புத் தகட்டின் வலி. விளையாட்டின் அளவைக் குறைத்து, குதிகாலைச் சற்று உயர்த்தும் பேட் வைத்தால் போதும். ஊசிக்கோ அதிர்வலைக்கோ அங்கே வேலையில்லை.

எக்ஸ்ரேயில் தெரியும் 'எலும்பு முள்' பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் கூர்மையாக நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அதுதான் குத்துகிறது என்று நினைப்பது இயல்பு. வலியே இல்லாத பலருக்கும் இந்த முள் இருக்கிறது. முள் இல்லாத பலருக்குக் கடும் வலி இருக்கிறது. முள்ளை மட்டும் காரணம் காட்டி அறுவை பேசினால் அங்கேயே நிறுத்தி இன்னொரு மருத்துவரைக் கேளுங்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கூடுதலாக உதவும்: பட்டையின் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் நோய் உறுதிப்படுகிறது.

பட்டைக்குள் நடப்பது

பிளாண்டர் ஃபேசியா என்பது குதிகால் எலும்பிலிருந்து கால்விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டை. நடக்கையில் குதிகால் உயர்ந்து விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது இந்தப் பட்டை இறுகி, பாதத்தின் வளைவைத் தூக்கி நிறுத்துகிறது. கிணற்று உருளையில் கயிறு சுற்றி இழுபடுவதைப் போன்ற இந்த இயக்கத்தை ஹிக்ஸ் 1954இல் விளக்கினார். பயிற்சிகளில் ஏன் விரல்களை மடக்கியே வைக்கச் சொல்கிறார்கள் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. விரல் மடங்காவிட்டால் பட்டைக்கு இழுவை போவதில்லை.

'ஐட்டிஸ்' என்ற பின்னொட்டு அழற்சியைக் குறிப்பது. ஆனால் 50 அறுவைகளில் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்து 2003இல் வெளியான ஆய்வில் அழற்சி அணுக்கள் தென்படவில்லை. நார்கள் குலைந்து, சீர்கெட்டு, அரைகுறையாகத் தைத்த துணி போலக் கிடந்தன. நாட்பட்ட குதிவாதம் என்பது ஆறாமல் தேங்கிப்போன பழுது. அதனால்தான் அழற்சியை அடக்கும் மாத்திரையும் ஊசியும் வலியைக் குறைத்தாலும் பட்டையைப் பழுதுபார்ப்பதில்லை. நார்கள் மறுபடி ஒழுங்காக அடுக்கப்பட, அளந்து கொடுக்கப்படும் பளு தேவை. கீழே வரும் ஒவ்வொரு தேர்விலும் இதை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் பாதியாகும்.

நீட்சியும் பளுவும்

எல்லாருக்கும் முதலில் வர வேண்டியது இதுதான். இழப்பு மிகக் குறைவு, பலன் நிலைக்கும். குறை ஒன்றே: மெதுவாக வேலை செய்யும், ஒழுங்கைக் கேட்கும். முதல் மாற்றம் தெரிய 4 முதல் 8 வாரம் ஆகும். இரண்டு வாரம் செய்துவிட்டு 'பயிற்சி பலிக்கவில்லை' என்று ஊசிக்குப் போவதே இந்த நோயில் அடிக்கடி நடக்கும் தவறு.

இங்கே இரண்டு வேறு வேறு பயிற்சிகள் உண்டு. அவற்றை ஒன்றெனக் கலந்துவிடக் கூடாது.

முதலாவது, பட்டைக்கே உரிய நீட்சி. உட்கார்ந்து, வலிக்கும் காலை மறு தொடையின் மேல் குறுக்காக வையுங்கள். விரல்களை அவற்றின் அடியில், பாதத்தோடு சேரும் இடத்தில் பிடித்துக் கணுக்காலை நோக்கி இழுங்கள். மற்றொரு கையின் விரலால் உள்ளங்காலைத் தடவிப் பாருங்கள். பட்டை வீணைத் தந்தி போல விறைத்திருக்க வேண்டும். விறைக்கவில்லை என்றால் நீங்கள் விரல் நுனியை மட்டும் மடக்குகிறீர்கள். 10 வரை எண்ணும் நேரம் பிடித்து விடுங்கள். இப்படி 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. முதல் வேளை, காலையில் பாதம் தரையைத் தொடுமுன். இந்த ஒரு நிபந்தனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: எழுந்து, பல் துலக்கி, பிறகு செய்கிறார்கள். அதற்குள் தூக்கத்தில் சுருங்கியிருந்த பட்டை முதல் அடியில் இழுபட்டு மறுபடி காயப்பட்டிருக்கும். நெடுநேரம் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் முன்னதாகச் சில முறை செய்துகொண்டால் இன்னும் நல்லது.

10 மாதத்துக்கு மேல் வலித்த 101 பேரை வைத்து 2003இல் வெளியான ஆய்வில், கெண்டைக்காலை மட்டும் நீட்டியவர்களைவிட இந்தப் பட்டை நீட்சியைச் செய்தவர்களுக்கு 8 வாரத்தில் வலி அதிகம் குறைந்தது. அதற்காகக் கெண்டைக்காலை ஒதுக்கிவிட வேண்டாம். சுவரில் கையூன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையிலிருந்து எழும்பாமல் முன்னே சாயுங்கள். முழங்கால் நேராக இருக்க 30 விநாடி, லேசாக மடித்து 30 விநாடி, மூன்று முறை. பின்னால் உள்ள பாதம் நேர் முன்னோக்கி இருக்க வேண்டும். வெளிப்பக்கம் திரும்பினால் இழுவை வேறு பக்கம் போய்விடும். கணுக்கால் மேல்நோக்கி மடங்காத இறுக்கம் இந்த நோய்க்கு வலுவான காரணங்களுள் ஒன்று. அப்படி இறுகியவர்களுக்கு இந்தச் சுவர் நீட்சி பாதிச் சிகிச்சை.

இரண்டாவது, பளுப் பயிற்சி. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். விரல்கள் முடிந்த மட்டும் மேல்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். ஒற்றைக் காலில் 3 விநாடியில் மெல்ல எழும்பி, உச்சியில் 2 விநாடி நின்று, 3 விநாடியில் இறங்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும். தொடக்கத்தில் 12 முறைக்கு மேல் முடியாத அளவு பளுவோடு 3 சுற்று. இரண்டு வாரம் கழித்து, 10 முறையோடு கால் தளரும் அளவுக்குப் பளுவைக் கூட்டி 4 சுற்று. மேலும் இரண்டு வாரம் கழித்து, 8 முறைக்கான பளுவோடு 5 சுற்று. பளுவைக் கூட்ட முதுகுப்பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டால் போதும். ஒற்றைக் காலில் முடியாதவர்கள் இரண்டு காலில் தொடங்கி, வலு வந்தபின் மாறலாம்.

டென்மார்க்கில் 48 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வு இந்த முறையைப் பட்டை நீட்சியோடு ஒப்பிட்டது. மூன்றாம் மாதத்தில் பளுப் பயிற்சி செய்தவர்கள் தெளிவாக முன்னிலையில் இருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு அணிகளும் சமம். ஆகவே பளுப் பயிற்சி தருவது முக்கியமாக வேகம். எங்கள் கருத்தில், முதல் ஆறு வாரம் வலி கடுமையாக இருப்பவர்கள் நீட்சியோடு தொடங்கட்டும். மூன்று மாதத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருப்பவர்கள் பளுப் பயிற்சியைத் தவிர்க்கவே கூடாது.

பயிற்சியின்போது வலி வரும். பத்துக்கு ஐந்து மதிப்பெண்ணுக்குள் இருந்து, அடுத்த நாள் காலை முதல் அடி வலி முந்தைய நாளைவிடக் கூடவில்லை என்றால் தொடரலாம். கூடியிருந்தால் பளுவைக் குறையுங்கள். பயிற்சியை விட்டுவிட வேண்டாம். தினமும் காலையில் முதல் அடி வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் எழுதிவைத்து வாரச் சராசரியைப் பாருங்கள். இந்த நோய் நேர்கோட்டில் குறையாது. ஒரு நல்ல நாளும் இரண்டு கெட்ட நாளுமாக வரும். சராசரி இறங்குகிறதா என்பதே கேள்வி.

பேட், இன்சோல், டேப், இரவு ஸ்பிளிண்ட்

இவை சுமையைக் குறைக்கும் உதவிகள். தனியாக நிற்பவை அல்ல. பயிற்சி வேலை செய்யும் வரை நாளை ஓட்ட உதவுபவை.

கடையில் கிடைக்கும் இன்சோல் போதுமா, பாதத்தை அளவெடுத்துச் செய்ததுதான் வேண்டுமா என்பது பலரின் கேள்வி. 135 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், போலி இன்சோல், தயார்நிலை இன்சோல், அளவெடுத்த இன்சோல் என மூன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் மாதத்தில் பின்னிரண்டுக்கும் சிறிய நன்மை. ஓராண்டில் வேறுபாடு இல்லை. தயார்நிலை இன்சோலுக்கும் அளவெடுத்ததற்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எனவே முதலில் வளைவைத் தாங்கும், கையால் அழுத்தினால் முழுதாக நசுங்காத தயார்நிலை இன்சோல். பாத அமைப்பு மிகவும் மாறுபட்டவர்களுக்கும், நீரிழிவால் பாதத்தில் புண் வரும் வாய்ப்புள்ளவர்களுக்கும் மட்டுமே அளவெடுத்தது தேவை. சிலிக்கான் ஹீல் பேட் வைத்தால் இரு காலணியிலும் வையுங்கள். ஒன்றில் மட்டும் வைத்தால் கால் உயரம் மாறி இடுப்பு வலி தொடங்கலாம்.

காலணியையும் சோதியுங்கள். முன்னும் பின்னும் பிடித்து மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டுமே மடங்க வேண்டும்; நடுவில் மடங்கும் காலணி வளைவுக்கு ஆதரவு தராது. குதிப்பக்கம் முன்பக்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர் அளவு உயர்ந்திருந்தால் கெண்டைக்கால் இழுவை குறையும். வீட்டுக்குள் கடினத் தரையில் வெறுங்காலோடு நடப்பதை இந்தச் சில மாதங்களாவது நிறுத்துங்கள். கட்டிலருகே ஆதரவுள்ள செருப்பு இருக்கட்டும், குளியலறைக்குப் போகும் நாலடிக்கும் கூட. தினமும் ஒருமணி நேரம் பயிற்சி செய்தாலும் மீதி நேரம் முழுதும் வெறுந்தரையில் நின்றால் கணக்கு தேறாது.

டேப் ஒரு வாரத்துக்குள்ளான நிவாரணம். வளைவைத் தாங்கும்படி உள்ளங்காலில் ஒட்டும் முறை சில நாட்களிலேயே வலியைக் குறைக்கிறது. தளர்ந்ததும் பலன் போய்விடும். அதை ஒரு சோதனையாகப் பயன்படுத்தலாம்: டேப் ஒட்டிய நாட்களில் வலி நன்றாகத் தணிந்தால், வளைவைத் தாங்கும் இன்சோலும் உதவும் வாய்ப்பு அதிகம். தோல் சிவந்தாலோ அரித்தாலோ உடனே எடுத்துவிட வேண்டும்.

இரவு ஸ்பிளிண்ட் கணுக்காலைச் செங்கோணத்தில் பிடித்து, தூக்கத்தில் பட்டை சுருங்காமல் பார்த்துக்கொள்கிறது. காலை முதல் அடி வலியே பெரும் தொல்லையாக உள்ளவர்களுக்கு ஏற்றது. இதன் எதிரி தூக்கம்தான்: பலர் நள்ளிரவில் கழற்றி எறிகிறார்கள். மாலையில் உட்கார்ந்திருக்கும்போது ஒருமணி நேரம் போட்டுப் பழகிவிட்டு, பிறகு இரவுக்கு நீட்டினால் உடன்படும். விரல்கள் மரத்தால் பட்டி இறுகியிருக்கிறது, தளர்த்துங்கள்.

வலி மாத்திரையும் ஐஸும் பற்றிச் சுருக்கமாக: உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியை உள்ளங்காலுக்கு அடியில் 10 நிமிடம் உருட்டலாம், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் செய்யக் கூடாது. அழற்சி எதிர்ப்பு மாத்திரை சில நாட்களுக்கு மட்டும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும், ரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும் கேட்காமல் விழுங்க வேண்டாம்.

ஸ்டீராய்டு ஊசி

வேகமாகக் கிடைக்கும் நிவாரணம் வேண்டும் என்றால் இதற்கு இணை இல்லை. நிலைக்கும் நிவாரணம் வேண்டும் என்றால் இது போதாது. 82 பேரிடம் ஸ்கேன் பார்த்து டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையோ மருந்தில்லாத போலி ஊசியையோ செலுத்தி, 2012இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நான்காம் வாரத்தில் போலி ஊசியைவிட வலி குறைந்திருந்தது; எட்டாம், பன்னிரண்டாம் வாரங்களில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

எனவே ஊசியை ஒரு ஜன்னல் திறப்பு என்று கொள்ள வேண்டும். வலி தணிந்த அந்த நான்கு வாரத்தில் பளுப் பயிற்சியைத் தொடங்கி முன்னேறினால் ஊசி பயனுள்ளது. வலி போய்விட்டது என்று பயிற்சியையும் விட்டு, பழைய நடையையும் ஓட்டத்தையும் முழுதாக மீட்டால், இரண்டாம் மாதத்தில் வலி திரும்பும். இரண்டாவது ஊசி, மூன்றாவது ஊசி என்று போகும். இழப்பு அங்கேதான் கூடுகிறது. ஸ்டீராய்டு நார்களை மென்மையாக்கும், பட்டை அறுந்துபோகலாம். 'டப்' என்ற உணர்வு, உள்ளங்காலில் ரத்தக் கட்டு, பிறகு பழைய வலி திடீரென மறைந்து பாதத்தின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்குவது ஆகியவை அறுந்ததன் அடையாளம். அப்போது நடமாட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். கொழுப்பு மெத்தை மெலிவது இன்னொரு இழப்பு. அது திரும்ப வளராது.

போடுவதென்று முடிவெடுத்தால் மூன்றைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஸ்கேன் பார்த்துப் போடுவார்களா? குதிகாலின் உள்பக்கத்திலிருந்து ஊசி நுழையுமா, அல்லது அடியிலிருந்து நேராகக் கொழுப்பு மெத்தையைத் துளைத்துப் போகுமா? பக்கவாட்டு வழி மெத்தையைக் காக்கிறது. ஊசிக்குப் பின் எத்தனை நாள் ஓட்டமும் குதிப்பும் கூடாது? இரண்டு வாரம் என்பது நிதானமான விடை. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை சில நாட்கள் ஏறும்; வழக்கத்தைவிட அடிக்கடி அளவு பார்க்க வேண்டும்.

வலியால் தூங்கவோ வேலைக்குப் போகவோ முடியாத நிலையில், வேறு நோய் இல்லை என்று உறுதியான பிறகு, ஒரே ஒரு ஊசி நியாயமானது. முதல் ஊசி இரண்டு மாதத்துக்குமேல் பலன் தராதபோது இரண்டாவதைப் போடுவதற்கு வலுவான காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

அதிர்வலையும் பி.ஆர்.பி.யும்

அதிர்வலை என்பது ஒலி அலைத் துடிப்புகளைப் பட்டைக்குள் அடித்து, தேங்கிய பழுதை மறுபடி ஆறத் தூண்டும் முறை. வாரம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து அமர்வுகள், ஒவ்வொன்றிலும் சுமார் 2000 துடிப்புகள். அடிக்கும்போது வலிக்கும். மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்தால் பலன் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மேலும், எங்கே அடிக்க வேண்டும் என்பதை உங்கள் வலியே வழிகாட்ட வேண்டும். பலன் உடனே வராது. 6 முதல் 12 வாரம் காத்திருக்க வேண்டும். அமர்வு முடிந்த வாரமே மதிப்பிட்டுக் கைவிடுவது தவறு.

இது எப்போது என்பதற்கு 2010இல் வெளியான ஓர் ஒப்பீடு நல்ல விடை தருகிறது. வலி தொடங்கி 6 வாரம்கூட ஆகாத 102 பேரில் ஒரு பாதிக்கு அதிர்வலை, மறு பாதிக்குப் பட்டை நீட்சி. இரண்டாம், நான்காம் மாதங்களில் நீட்சி செய்தவர்களே நல்ல நிலையில் இருந்தார்கள். புது வலிக்கு அதிர்வலை வேண்டாம். 3 முதல் 6 மாதம் பயிற்சியைச் சரியாகச் செய்தும் தீராத வலிக்கு, ஊசியைவிட இதை முன்னால் வைப்போம்: பட்டை அறுந்துபோகும் அச்சம் இல்லை, பலன் மாதக்கணக்கில் நிற்கிறது. அமர்வுகளோடு நீட்சியையும் தொடர வேண்டும். இரண்டும் சேர்ந்தது அதிர்வலை மட்டும் கொடுப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது. கர்ப்பிணிகள், ரத்தம் உறைதல் கோளாறு உள்ளவர்கள், அடிக்கும் இடத்தில் கட்டி உள்ளவர்கள், வளரும் எலும்புத் தகடு மூடாத பிள்ளைகள் ஆகியோருக்கு இது கூடாது.

பி.ஆர்.பி. என்பது உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து ஊசியாகச் செலுத்துவது. ஸ்டீராய்டோடு ஒப்பிட்ட பல ஆய்வுகளில் முதல் மாதத்தில் பின்தங்கி, மூன்று மாதத்துக்குப் பின் முந்துகிறது. ஆனால் ரத்தத்தைச் சுழற்றும் வேகமும், வெள்ளணுக்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் இடத்துக்கு இடம் வேறு. ஓரிடத்தில் கிடைத்த முடிவை இன்னோரிடத்தில் எதிர்பார்க்க முடியாது. போட்ட முதல் வாரம் வலி கூடும். அதை அடக்க அழற்சி எதிர்ப்பு மாத்திரை எடுத்தால் ஊசியின் நோக்கமே கெடும். அதிர்வலை கிடைக்காதபோது, அல்லது அதுவும் தோற்றபோது, இதை யோசிக்கலாம்.

அறுவை

பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் அறுவை இல்லாமலே வலி தீர்கிறது. எனவே 6 முதல் 12 மாதம் முறையான சிகிச்சை தோற்ற பிறகே இந்தப் பேச்சு. 'முறையான' என்ற சொல்லில் பளுப் பயிற்சியும் அடங்கும். மூன்று ஊசியும் இரண்டு ஹீல் பேடும் முறையான சிகிச்சை ஆகாது.

பட்டையை வெட்டித் தளர்த்தும் அறுவையில் உள்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மட்டுமே வெட்ட வேண்டும். அதற்குமேல் போனால் வளைவு தாழ்ந்து, சுமை பாதத்தின் வெளிப்பக்கத்துக்கு மாறி, புதிய வலி பிறக்கிறது. அருகே ஓடும் நரம்புக் கிளை காயப்பட்டால் மரமரப்பு தங்கிவிடும். முழங்கால் நேராக இருக்கும்போது கணுக்கால் மடங்காமல், முழங்காலை மடித்தால் மடங்குகிறது என்றால் இறுக்கம் கெண்டைக்காலின் மேல் தசையில் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு அந்தத் தசையைத் தளர்த்தும் அறுவை, பட்டையைத் தொடாமலே வலியைத் தீர்க்கக்கூடும். அறுவை நிபுணர் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தாரா என்று கேட்பது உங்கள் உரிமை.

யாருக்கு எந்த வரிசை

வலி தொடங்கி ஆறு வாரத்துக்குள் இருந்தால்: பட்டை நீட்சி, காலணி மாற்றம், தயார்நிலை இன்சோல், நிற்கும் நேரத்தை உடைத்துக்கொள்வது. வேறெதுவும் வேண்டாம். மூன்று மாதம் ஆகிவிட்டால் பளுப் பயிற்சியைச் சேருங்கள். முதல் அடி வலியே பெரிது என்றால் இரவு ஸ்பிளிண்டும். ஆறு மாதத்தில் வாரச் சராசரி இறங்காமல் நின்றுவிட்டால் அதிர்வலை. இடையில் வாழ்க்கையே நடத்த முடியாத வலி வந்தால் ஒரு ஸ்டீராய்டு ஊசி, அதன் நான்கு வாரத்தைப் பயிற்சிக்குச் செலவிடும் உறுதியோடு.

நாள் முழுதும் நின்று வேலை செய்பவருக்கு இந்த வரிசை மாறாது. ஆனால் இன்சோலும் காலணியும் முதல் நாளிலிருந்தே கட்டாயம். ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது நடப்பதைவிடக் கெடுதல். மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் உட்கார முடிந்தால் உட்காருங்கள், எழுமுன் நீட்சி. ஓடுபவர்கள் முழுதாக நிறுத்த வேண்டியதில்லை. மறுநாள் காலை வலி கூடாத தூரம் எதுவோ அதுவே இப்போதைய தூரம். மேடு ஏறுவதையும் வேக ஓட்டத்தையும் கடைசியாகத் திரும்பச் சேருங்கள். உடல் எடை அதிகமுள்ளவருக்கு எடை குறைவது நோயைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் நடக்கவே வலிக்கும் ஒருவரிடம் 'நடந்து எடையைக் குறை' என்று சொல்வது அவரைக் கைவிடுவதாகும். நீச்சல், சைக்கிள் போன்று குதிகாலைத் தாக்காத வழிகளைச் சொல்ல வேண்டும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டுச் சிகிச்சையைத் தொடங்கும் முன்னரே பாதத்தைப் பரிசோதிக்கச் செய்யட்டும். இவர்களின் குதிகாலில் வலிக்குப் பதில் புண் இருக்கலாம்.

இரவில் ஓய்விலும் விடாத வலி, காய்ச்சலோடு சேர்ந்த வீக்கமும் சூடும், அடிபட்ட பின் காலை ஊன்றவே முடியாத நிலை ஆகிய மூன்றுக்கும் மேலே சொன்ன எந்த வரிசையும் பொருந்தாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

வலி தீர்ந்த நாளில் பயிற்சியை நிறுத்திவிட வேண்டாம். முதல் அடி வலி தொடர்ந்து நான்கு வாரம் 0 அல்லது 1 என்று நின்ற பிறகு பளுப் பயிற்சியை வாரம் இருமுறையாகக் குறைத்து, மேலும் மூன்று மாதம் தொடருங்கள். இன்சோலை ஒரே நாளில் எடுத்துவிடாமல், அணியும் நேரத்தை நாளுக்கு ஒருமணி நேரம் வீதம் குறைத்துக்கொண்டு வாருங்கள். இடையில் ஒருநாள் காலையில் மதிப்பெண் 3ஐத் தாண்டினால் அந்த வாரம் மூன்று வேளை நீட்சிக்குத் திரும்பிவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.